கடன் கொப்பி இருக்கிறது, கணக்குக் கொப்பி எங்கே?

நமது கடைத்தெருவில் வருமான வரியைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "30 லட்சத்துக்குக் குறைந்தால் நமக்கு வரி இல்லை." மற்றது, "நகர சபைக்கு வருடா வருடம் கட்டுகிறேனே, அது போதாதா?" காத்தான்குடி பிரதான வீதியில் கேட்டிருக்கிறேன். ஏறாவூரிலும் ஓட்டமாவடிச் சந்தியிலும் தேநீர்க் கடையில் இருந்துகொண்டு இதையே கேட்டிருக்கிறேன். இரண்டுமே பிழையான பதில்கள்.

30 லட்சம் என்ற கணக்கு 2020 ஜனவரியில் வந்தது. 2022 டிசம்பரோடு அது முடிந்துவிட்டது. 2023 ஜனவரி முதல் தனிநபருக்கான விடுதலைத் தொகை 12 லட்சமாக இறங்கியது. 2025 ஏப்ரல் 1 முதல் அது 18 லட்சம். அதாவது வருடத்துக்கு 18 லட்சம், மாதத்துக்குப் பார்த்தால் ஒன்றரை லட்சம். நல்ல செய்தி சீக்கிரம் பரவுகிறது, அது போய்விட்டது என்ற செய்தி பரவ மறுக்கிறது. இன்றும் 30 லட்சத்தை நம்பிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ நாம் கட்டுவது வியாபார அனுமதிப் பத்திரத்துக்கான கட்டணமும் சோலை வரியும்தான். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தது இன்னொரு விடயம். இவற்றுக்கும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கும் சம்பந்தமில்லை. அங்கே உங்களுக்கென்று ஒரு வரி செலுத்துவோர் அடையாள இலக்கம், நாம் எல்லோரும் சொல்கின்ற 'டின் நம்பர்', தனியாக இருக்க வேண்டும். 2024இன் தொடக்கத்தில் பதினெட்டு வயது தாண்டிய எல்லோரும் அதை எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தபோது ஏற்பட்ட பரபரப்பு ஞாபகமிருக்கும். நம்பர் எடுத்ததாலேயே வரி கட்ட வேண்டும் என்பதில்லை. வருமானம் எல்லையைத் தாண்டினால்தான் வரி.

நான் கணக்காளன் அல்ல. சாதாரண தரம் வரை படித்துவிட்டு வாப்பாவின் கடையில் குந்தியவன். இருந்தாலும் முப்பது வருடத்துக்கு மேலாகக் கடை நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். நமது சிறு வியாபாரிகளில் பலருக்கு வரி பாரமாவது வரியின் வீதத்தால் அல்ல. கையில் எழுத்து இல்லாததால்தான்.

முதலில் வீதத்தைப் பார்ப்போம். வரி விற்பனைக்கு அல்ல, இலாபத்துக்கு. வருடம் 3 கோடி ரூபாவுக்குச் சாமான் விற்ற ஒரு பலசரக்குக் கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய விலை, வாடகை, கூலி, கரண்ட், லொறிக் கூலி எல்லாம் போக அவருக்கு 24 லட்சம் மிஞ்சியது என்று வையுங்கள். அதில் 18 லட்சம் விடுதலை. மீதி 6 லட்சத்துக்குத்தான் வரி. முதல் 10 லட்சத்துக்கு வீதம் 6 சதவீதம். ஆகவே வருட வரி 36 ஆயிரம் ரூபா. மாதம் 3 ஆயிரம். அந்தக் கடைக்காரர் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்வரும் செலவு!

அதற்கு மேலே போனால்தான் படிகள் செங்குத்தாகின்றன. 10 லட்சத்துக்கு அடுத்த 5 லட்சத்துக்கு 18 சதவீதம், அதற்கடுத்த 5 லட்சத்துக்கு 24, இன்னுமொரு 5 லட்சத்துக்கு 30, மீதி எவ்வளவு இருந்தாலும் 36 சதவீதம். இந்தப் படிகளை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

ஒரு வியாபாரியின் இலாபம் கணக்கில் 36 லட்சம் என்று வருகிறது. விடுதலை போக 18 லட்சம். வரி 60 ஆயிரமும் 90 ஆயிரமும் 72 ஆயிரமும் சேர்த்து 2 லட்சத்து 22 ஆயிரம். ஆனால் அவர் அந்த வருடம் உண்மையாகவே செலவழித்த இன்னுமொரு 4 லட்சம் இந்தக் கணக்கில் ஏறவில்லை. புறக்கோட்டையில் நாட்டாமிக்குக் கொடுத்த கூலி, இரவு பஸ் காசு, சாமான் இறக்கியவர்களுக்குக் கொடுத்தது, உரப்பை, பொலித்தீன், கடைப் போனுக்கு ரீலோட் என்று மாதம் 33 ஆயிரம் வீதம் போனது. அதற்குத் துண்டு இல்லை, கொப்பியிலும் இல்லை. அது இருந்திருந்தால் இலாபம் 32 லட்சம், வரி 1 லட்சத்து 32 ஆயிரம். வித்தியாசம் 90 ஆயிரம் ரூபா. ஒரு 200 ரூபா கொப்பியை எழுதாமல் விட்டதற்கான விலை இது.

"நாட்டாமி பில் தருவானா?" என்று கேட்பீர்கள். தரமாட்டான். அதற்குத்தான் வவுச்சர் புத்தகம் இருக்கிறது. திகதி, என்ன வேலை, எவ்வளவு, வாங்கியவர் பெயர், கையொப்பம். இவ்வளவும் எழுதினால் அது ஓர் ஆதாரம். கொழும்பில் நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் மொத்தமாக வாங்கும்போது சில இடங்களில் வெறும் வெள்ளைத் துண்டில் கணக்கெழுதித் தருவார்கள். பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. அவருக்கு அதில் ஏதோ வசதி இருக்கலாம். உங்களுக்கு அதில் நட்டம்தான், ஏனென்றால் அந்தக் கொள்முதலை நீங்கள் நிரூபிக்க முடியாது. பெயர் அச்சிட்ட பில் கேளுங்கள். தராவிட்டால் காசைக் கையில் கொடுக்காமல் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போடுங்கள். வைப்புத் துண்டும் லொறிக்காரர் தந்த பற்றுச்சீட்டும் சேர்ந்து சாமான் வந்த கதையைச் சொல்லும். பில்களைக் குறைந்தது ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த வெப்பத்தாள் பில்களில் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிவிடும், போனில் படம் எடுத்து வையுங்கள். 2004 சுனாமியில் கடற்கரைப் பக்கத்தில் கடை வைத்திருந்தவர்களுக்குப் பேரேடும் சேர்ந்து போனது. இன்று ஒரு போன் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

எழுத்து இல்லாதவருக்கு வரும் அடுத்த சிக்கல் வங்கிக் கணக்கு. நீங்கள் கணக்குக் காட்டாவிட்டால் அதிகாரி தன்னிடம் உள்ளதை வைத்து மதிப்பீடு செய்ய சட்டம் இடம் கொடுக்கிறது. அவர் முதலில் பார்ப்பது உங்கள் வங்கிக் கூற்றைத்தான். நமது ஆட்களின் கணக்கில் என்னதான் இல்லை! கடை விற்பனை, கட்டாரிலிருந்து மச்சான் வீடு கட்ட அனுப்பியது, சீட்டுக் காசு, பள்ளிவாசல் கட்டட நிதிக்குச் சேர்த்தது, தங்கச்சியின் நகை விற்றது. எல்லாம் ஒரே கணக்கில். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே விற்பனைதான். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. மூன்று வருடம் கழித்து எந்த வரவு மச்சானுடையது என்று உங்களுக்கே ஞாபகம் வராது. ஆகவே கடைக்கென்று ஒரு தனிக் கணக்கு திறவுங்கள். வீட்டுச் செலவுக்கு எடுக்கும் காசையும் அதிலிருந்து ஒரு தொகையாக எடுத்து, 'வீட்டுக்கு' என்று எழுதுங்கள். வீட்டுச் செலவு வியாபாரச் செலவாகாது. பிள்ளையின் டியூஷன் காசையும் மோட்டார் சைக்கிள் தவணையையும் கடைக் கணக்கில் தள்ளுகிறவர்கள் உண்மையான செலவுகளின் மீதும் சந்தேகம் வரச் செய்கிறார்கள்.

இனி, நமது பகுதியில் மிகப் பெரிய பணம் வீணாகப் போகிற இடத்துக்கு வருகிறேன். அது காக்கா தம்பிமார் சேர்ந்து நடத்தும் கடை. வாப்பா மௌத்தான பிறகு மூன்று பேர் சேர்ந்து கடையைக் கொண்டு நடத்துவார்கள். ஒருவர் கல்லாவில், ஒருவர் கொழும்புக்குக் கொள்முதலுக்கு, ஒருவர் களஞ்சியத்தில். மாதக் கடைசியில் மூன்றாகப் பிரிப்பார்கள். ஆனால் வியாபாரப் பதிவு, வங்கிக் கணக்கு, டின் நம்பர் எல்லாம் மூத்த காக்காவின் பெயரில். கடை இலாபம் 60 லட்சம் என்றால் சட்டத்தின் கண்ணுக்கு அது முழுவதும் மூத்தவரின் வருமானம். கணக்குப் பாருங்கள். 18 லட்சம் விடுதலை போக 42 லட்சம். அதற்கு வரி 10 லட்சத்து 32 ஆயிரம் ரூபா.

அதே மூன்று பேரும் எழுத்தில் பங்காளர்களாக இருந்தால் ஆளுக்கு 20 லட்சம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 18 லட்சம் விடுதலை. மீதி 2 லட்சத்துக்கு 6 சதவீதப்படி ஆளுக்கு 12 ஆயிரம். மூவருக்கும் சேர்த்து 36 ஆயிரம். கூட்டு வியாபாரத்தின் பெயரில் முன்கூட்டி வரி கட்ட நேர்ந்தால் அதுவும் பங்காளர்களின் கணக்கில் வரவாகக் கழிபடும். 10 லட்சம் எங்கே, 36 ஆயிரம் எங்கே!

இதில் எந்தத் தந்திரமும் இல்லை. உண்மையாகவே மூவரின் கடை என்றால் உண்மையை எழுதுகிறோம், அவ்வளவுதான். பங்குடைமை ஒப்பந்தம், மூவரின் பெயரிலும் வியாபாரப் பதிவு, கூட்டு வங்கிக் கணக்கு, மூவருக்கும் டின் நம்பர். பெயருக்கு மட்டும் தம்பியைச் சேர்த்துவிட்டு இலாபத்தை ஒருவரே வைத்திருந்தால் அது பொய்க் கணக்கு, அதை நான் சொல்லவில்லை. எழுதாமல் வைத்திருப்பதால் வரி மட்டும்தான் நட்டம் என்றும் நினைக்க வேண்டாம். மூத்தவருக்கு ஒன்று நடந்துவிட்டால் அவருடைய பிள்ளைகளுக்கும் தம்பிமாருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை நாம் ஊரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொன்ன மார்க்கத்தில் பிறந்தவர்கள் நாம்.

ஸக்காத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். "ஸக்காத் கொடுத்தேன், அதை வரியில் கழிக்கலாமா?" முடியாது. அது வியாபாரச் செலவாகக் கணிக்கப்படுவதில்லை. அரசாங்கம் வர்த்தமானியில் அங்கீகரித்த தர்ம நிறுவனம் ஒன்றுக்குப் பணமாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டும் ஒரு சிறு கழிவு உண்டு. அதுவும் வருடத்துக்கு 75 ஆயிரம் ரூபா அல்லது வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒன்று, இரண்டில் எது குறைவோ அது. பக்கத்து வீட்டு ஏழைக்குக் கையில் கொடுத்தது இதற்குள் வராது. அதன் கூலி வேறிடத்தில்.

ஆனால் ஸக்காத் வேறு வழியில் நமக்கு உதவுகிறது. நமது வியாபாரிகளில் நோன்பு மாதத்தில் கடைச் சாமானை எண்ணிக் கணக்கெடுப்பவர்கள் ஏராளம். வரிக் கணக்குக்கும் இதே இருப்புக் கணக்குத்தான் வேண்டும், மார்ச் 31இல். 2025இல் நோன்புப் பெருநாளே மார்ச் 31இல் வந்ததால் ஓர் எண்ணிக்கை இரண்டுக்கும் போதுமாக இருந்தது. சந்திர வருடம் ஆண்டுக்குப் பதினோரு நாள் அளவில் முந்துவதால் இனி இரண்டும் விலகிக்கொண்டே போகும். பழகிய வேலையை மார்ச் கடைசியில் இன்னொரு தரம் செய்ய வேண்டியதுதான். ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஸக்காத்துக்கு இன்றைய சந்தை விலையில் மதிக்கிறோம். வரிக்கு, வாங்கிய விலை அல்லது சந்தை விலை, இரண்டில் குறைந்தது. கொப்பியில் இரண்டு நிரல் கோடு போட்டு இரண்டு விலையையும் எழுதிவிட்டால் ஒரே எண்ணிக்கையில் வேலை பாதியாகும். பூச்சி விழுந்த பருப்பையும் காலம் போன பிஸ்கட்டையும் முழு விலைக்குக் கணக்கில் காட்டி அதற்கும் வரி கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மழைக்கால வெள்ளம் நமக்குப் புதிதல்ல. வாவி நிறைந்தால் தாழ்வான களஞ்சியங்களில் தண்ணீர் ஏறும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலையும் நாடு கண்டது. சாமான் நனைந்து நட்டம் வந்தால் அள்ளிக் கொட்டுவதற்கு முன் படம் எடுங்கள், எழுதுங்கள், கிராம சேவகரிடம் உறுதிக் கடிதம் பெறுங்கள். அந்த வருடம் மொத்தத்தில் நட்டம் என்றால் அந்த நட்டத்தை ஆறு வருடம் வரை பின்வரும் இலாபத்தில் கழிக்கலாம். ஆனால் நட்டம் வந்த வருடத்திலும் வரி விபரத்திரட்டு அனுப்பியிருக்க வேண்டும். 'இந்த வருடம் நட்டம்தானே, எதற்கு அனுப்புவான்' என்று விட்டுவிடுவதுதான் பொதுவாக நடக்கிறது.

லொறி, குளிர்பெட்டி, அலுமாரி, கம்ப்யூட்டர் போன்றவை வாங்கினால் விலையை ஐந்தாகப் பிரித்து ஐந்து வருடம் கழிக்கலாம். கடைக் கட்டடத்துக்கு இருபது வருடம். சொந்தக் காருக்கு இந்தக் கழிவு இல்லை. கடன் கொப்பியில் வராமல் போன கடனும் கழிவுக்குரியது, ஆனால் அறவிட முயன்றதற்கு ஆதாரம் வேண்டும். ஒரு கடிதமாவது அனுப்பியிருக்க வேண்டும். கூரையில் சூரிய மின்கலம் பூட்டி மின்சார சபையின் இணைப்போடு சேர்த்தவர்களுக்கு வருடத்துக்கு 6 லட்சம் வரை விடுதலை உண்டு. கடை அறைகளை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் வாடகை வருமானத்தில் 25 சதவீதத்தைத் திருத்த வேலைக்கென்று கழிக்கலாம்.

வியாபாரம் இல்லாதவர்களுக்கும் ஒரு விடயம். வங்கியில் வைப்பிலிட்ட பணத்துக்குக் கிடைக்கும் வட்டியில் 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். முழாறபா வைப்பில் வரும் இலாபப் பங்கிலும் அப்படித்தான். வருட வருமானம் மொத்தம் 18 லட்சத்துக்குக் குறைந்த ஒருவர் வங்கியில் சுயபிரகடனப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தால் அது பிடிக்கப்படாது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், விதவைத் தாய்மார் பலர் இதை அறியாமல் மாதாமாதம் இழந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் உம்மாவின் கணக்கை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

கொஞ்சம் பெரிய கடைக்காரர்களுக்கு வற் வரி. இது இலாபத்தைப் பார்ப்பதில்லை, விற்பனையைப் பார்க்கிறது. வீதம் 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். பதிவுக்கான எல்லையும் அப்போதே வருடத்துக்கு 6 கோடியாக இறக்கப்பட்டது. 300 நாள் வியாபாரம் என்று பார்த்தால் ஒரு நாளுக்கு 2 லட்சம் ரூபா விற்பனை. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் இதை 2026 ஏப்ரல் முதல் 3 கோடி 60 லட்சத்துக்கு இறக்க முன்மொழிந்தது. அது நாளுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். நமது பிரதான வீதியில் எத்தனை கடைகள் அதற்கு மேலே விற்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அரிசி, பாண் போன்ற விலக்களிக்கப்பட்ட பொருட்களின் விற்பனை இதில் சேராது. ஆகவே தினசரி விற்பனையை எழுதும்போதே அரிசியை வேறாகவும் மற்றச் சாமானை வேறாகவும் எழுதிவாருங்கள். பிரித்து எழுதாதவருக்கு எல்லாம் ஒரே குவியலாகத்தான் எண்ணப்படும்.

திகதிகளைச் சுவரில் ஒட்டிவையுங்கள். வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. தவணைகள் ஒகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மீதி செப்டெம்பர் 30க்குள். விபரத்திரட்டு நவம்பர் 30க்குள். பிந்தி அனுப்பினால் தண்டம், 50 ஆயிரமும் மாதத்துக்கு 10 ஆயிரமும் என்ற கணக்கு ஒன்று, வரியில் 5 சதவீதமும் மாதத்துக்கு 1 சதவீதமும் என்ற கணக்கு இன்னொன்று. இரண்டில் எது கூடவோ அது, உச்சம் 4 லட்சம். 36 ஆயிரம் வரிக்காரர் ஒரு படிவத்தை மறந்ததற்காக 50 ஆயிரம் கட்டுவது எவ்வளவு அநியாயமான நட்டம்! கட்டாத வரிக்கு மாதம் ஒன்றரை சதவீத வட்டியும் ஏறும். கணக்காளரிடம் நவம்பர் 28இல் ஒரு சீனிப் பையில் துண்டுகளை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுகிறவர்கள் அவரைக் குறை சொல்ல வேண்டாம். மே மாதமே போங்கள்.

கடைசியாக, திணைக்களத்திலிருந்து மதிப்பீட்டுக் கடிதம் வந்தால் லாச்சியில் போட்டு மூடாதீர்கள். தொகையைப் பார்த்துப் பயந்து எவரோ ஒருவரிடம் 'முடித்துத் தா' என்று காசு கொடுப்பதும் வேண்டாம். மதிப்பீடு பிழை என்றால் மீளாய்வு செய்யும்படி எழுத்தில் கேட்க உங்களுக்கு 30 நாள் இருக்கிறது. அதிலும் திருப்தி இல்லாவிட்டால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது. மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 1944க்குப் போன் பண்ணித் தமிழில் கேளுங்கள். 30 நாள் தாண்டிவிட்டால் நீங்கள் சொல்வது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் கதவைத் திறப்பது கஷ்டம். கடிதம் எப்போது கைக்கு வந்தது என்பதும் கேள்வியாகலாம். ஆகவே அது வந்த கவரையும் கிழித்து வீசாமல், தபால் முத்திரையோடு கடிதத்தோடேயே குத்தி வையுங்கள்.